கை வேலையில், காது ரேடியோவில்: வேலூர்ப் பக்கம் காலை நிகழ்ச்சி நடத்தப் புதிதாக வருகிறவர்களுக்கு

எங்கள் சமுதாய வானொலிக்குப் புதிதாக வருகிற தம்பி தங்கைகள் வந்த அன்றே கேட்பது ஒரே கேள்விதான்: "அக்கா, நான் எப்போ மைக்ல பேசலாம்?" ரெண்டு வாரம் ஆகட்டும் என்பேன். முகம் சுண்டிப்போகும். அந்த ரெண்டு வாரம் என்ன செய்வது, அப்புறம் மைக் முன்னால் உட்கார்ந்து என்ன செய்வது என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாயால் சொல்லிவந்ததை இங்கே எழுதிவைக்கிறேன். வேலூர், காட்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டைப் பக்கம் காலை ஏழிலிருந்து ஒன்பதரை வரை நேயர்களோடு விளையாடி, அவர்கள் பார்க்கும் சீரியலைச் சேர்ந்து கொண்டாடும் ஒரு நிகழ்ச்சியை நடத்த வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வாரம்: கேட்கிறவர் வீட்டில் உட்காருங்கள்

சமுதாய வானொலிக்குக் கொடுக்கப்படும் திறன் 100 வாட். ஆண்டெனா உயரத்துக்கு 30 மீட்டர் வரம்பு. நம் குரல் தெளிவாகப் போவது ஐந்திலிருந்து பத்து கிலோமீட்டர் வரைதான். இதில் ஒரு வசதி உண்டு. நம்மைக் கேட்கிற யாரையும் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். போய்ப் பாருங்கள்.

யாருக்காகப் பேசுகிறோம் என்பது போனால்தான் புரியும். ஏலகிரி எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர் நாம் வணக்கம் சொல்லும் முன்பே நம் எல்லையைத் தாண்டியிருப்பார். ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் வேன் வந்ததும் கிளம்பிவிடுவார்கள், அவர்களுக்கு நாம் கொடுக்க முடிவது முதல் அரை மணி நேரம். மிச்சம் இருப்பவர்கள் யார்? திண்ணையில் முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்றும் அக்காக்கள், தறிக்காரர்கள், தையல்காரர்கள், இட்லிக்கடைக்காரர்கள், ஸ்டாண்டில் சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோக்காரர்கள். இவர்கள் எல்லோருக்கும் கை வேலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அந்தக் காதைத்தான் நம்மிடம் ஒப்படைக்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

மூன்று வீடு தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காலைப்பொழுது முழுக்க இருங்கள். நோட்டில் மணியைப் போட்டு, அந்த நேரத்தில் கை என்ன செய்கிறது, காதில் என்ன விழுகிறது என்று எழுதுங்கள். நான் முதன்முதலில் இப்படி உட்கார்ந்த வீட்டில் ஏழு இருபதுக்கு மிக்ஸி ஓடியது. பக்கத்து வீட்டிலும் ஓடியது, எதிர் வீட்டிலும் ஓடியது. தெருவுக்கே சட்னி நேரம். அதுவரை ஏழு இருபதுக்குத்தான் நாங்கள் அன்றைய போட்டிக் கேள்வியை அறிவித்துவந்தோம்! அடுத்த நாளே அந்த இடத்தில் பாட்டைப் போட்டுவிட்டு, கேள்வியை எட்டே முக்காலுக்கு மாற்றினோம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருப்பார்கள், பாத்திரம் கழுவி முடிந்திருக்கும், அப்போதுதான் முறம் மடிக்கு வரும். போன் மணி அடிக்கத் தொடங்கியது அதற்கு அப்புறம்தான்.

எதில் கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். பட்டன் போனில் இயர்போன் ஒயர்தான் ஏரியல். ஒயரை மாட்டிவிட்டு ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பவர் நிறையப் பேர். சின்ன ஸ்பீக்கரில் இசையும் பேச்சும் சேர்ந்து வந்தால் பேச்சு கரைந்துபோகும். ஆகவே கேள்வி சொல்லும்போது பின்னணி இசையை நிறுத்திவிடுங்கள்.

இரண்டாம் வாரம்: போன் எடுக்கும் நாற்காலி

மைக்குக்குப் போவதற்கு முன்பு போன். இந்த நாற்காலியில் தேறியவர் ஆர்ஜே நாற்காலியிலும் தேறிவிடுவார் என்பது என் அனுபவம்.

மூன்றாவது மணிக்குள் எடுங்கள். "வணக்கம், சொல்லுங்கம்மா" என்று ஆரம்பித்துப் பெயரையும் ஊரையும் கேளுங்கள். பெயரைத் திருப்பிச் சொல்லிச் சரிபாருங்கள். செல்வியைச் செல்லம்மா என்று ஒலிபரப்பில் அழைத்தால் அவர் சிரித்துக்கொண்டே பேசுவார், ஆனால் மறுபடி கூப்பிடமாட்டார். பிறகு ரேடியோவின் சத்தத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். ரேடியோ சத்தம் போன் வழியாக ஸ்டுடியோவுக்குள் வந்து, திரும்ப ரேடியோவுக்கே போய், கூச்சல் போடும். "குறைச்சிட்டேன்" என்பார்கள், குறைத்திருக்க மாட்டார்கள். "நீங்க அடுத்த ரூமுக்குப் போயிடுங்க, ரேடியோவ உங்க பொண்ணு கேட்கட்டும்" என்று சொன்னால் உடனே நடக்கும்.

லைனில் காத்திருப்பவரை அப்படியே விட்டுவிடாதீர்கள். "உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் இருக்காங்க, இந்தப் பாட்டு முடிஞ்சதும் நீங்க" என்று சொல்லுங்கள். கையில் அரைகுறையாகச் சுற்றிய பீடியோடு காத்திருப்பவருக்கு ஒரு நிமிஷமும் கூலிதான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்கவேண்டும். பெண் நேயரின் தெருப்பெயர், கதவு எண், போன் நம்பர், "வீட்டுக்காரர் வெளியூர் போயிருக்கார்" போன்ற பேச்சு, எதுவும் ஒலிபரப்பில் போகக்கூடாது. நான் சேர்ந்த புதிதில், பரிசு வென்ற ஒரு பெண்ணிடம், "எந்தத் தெரு, கோயில் பக்கமா?" என்று பிரியமாகத்தான் கேட்டேன். அவரும் அடையாளம் சொன்னார். அன்று சாயங்காலமே முன்பின் தெரியாத ஒரு ஆள் "ரேடியோவுலேர்ந்து வர்றேன், பரிசு கொடுக்கணும்" என்று அந்த வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறான். அக்கம்பக்கத்தார் கூடியதும் போய்விட்டான். அந்தப் பெண் அதற்கப்புறம் எங்களைக் கூப்பிடவே இல்லை. அன்றிலிருந்து பெயரும் ஊரும் மட்டும்தான். பரிசை நிலையத்துக்கு வந்தோ, நாங்கள் சொல்லும் கடையிலோ வாங்கிக்கொள்ளலாம். யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள் என்று தினமும் ஒருமுறை மைக்கில் சொல்லுங்கள்.

மைக், ஃபேடர், மணி

இதில் கற்க வேண்டியது கொஞ்சம்தான். மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான இடைவெளி. நேராக ஊதாமல் சற்றுப் பக்கவாட்டில் பேசினால் 'ப' வரும்போது காற்று அடிக்காது. ஹெட்போனைக் கழற்றாதீர்கள். நம் குரலைவிட நேயரின் குரல் ஒரு பிடி மேலே இருக்கும்படி ஃபேடரை, அதாவது சத்தத்தை ஏற்றி இறக்கும் தள்ளுவிசையை, வையுங்கள், போன் குரல் எப்போதும் மெலிந்துதான் வரும். கால் மணிக்கு ஒருமுறை நேரம் சொல்லுங்கள். சுவரில் கடிகாரம் இருக்கிற வீட்டிலும் காலையில் ரேடியோ சொல்லும் மணிதான் கணக்கு.

பேச்சைப் பற்றி ஒன்று. சென்னை ஆர்ஜே மாதிரி ஓடாதீர்கள். நம் நேயர் "இன்னாக்கா, வூட்ல தான் கீறேன், இலை வெட்டிகினு" என்று பேசினால் அதைத் திருத்தவும் கூடாது, அதைப் போலப் பேசிச் சிரிக்கவும் கூடாது. அது அவர் வீட்டுப் பேச்சு. நீங்களும் இந்தப் பக்கத்து ஆள் என்றால் உங்களுக்கும் அது தானாக வரும். வராவிட்டால் உங்களுக்கு வருகிறபடி தெளிவாகப் பேசினால் போதும்.

விளையாட்டு

நேயர் விளையாட்டு என்றால் நம் தலைமுறைக்கு முன்னால் இருந்தவர்களுக்கு இலங்கை வானொலிதான். அங்கே பி.எச். அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு பிற்பாடு தொலைக்காட்சிக்கும் போனது. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. தோற்றவரும் இரண்டு வரி பாடிவிட்டுத்தான் போவார். வெறும் கையோடு யாரும் திரும்பமாட்டார். நீங்கள் எந்த விளையாட்டை யோசித்தாலும், தோற்றுப்போகிறவர் என்ன கொண்டுபோவார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சோதனை: கை வேலையை விடாமல் ஆடமுடியுமா? எழுதிக்கொள்ளச் சொல்லும் போட்டி, போனில் எதையாவது தேடச் சொல்லும் போட்டி, எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லும் போட்டி எல்லாம் இங்கே அடிபட்டுப்போகும். கேட்டால் புரியவேண்டும், வாயால் பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு நன்றாக ஓடியது "இது என்ன சத்தம்?" ஒரு சின்ன ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுங்கள். பழைய பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கூவுவது, குடியாத்தம் தறி, தேங்காய் துருவுவது, கோட்டை அகழி ஓரத்துப் பறவைச் சத்தம், நேதாஜி மார்க்கெட்டில் மூட்டை இறங்குவது. எட்டு விநாடி போதும். இரண்டு முறை போடுங்கள்.

ஒரு நாள் பீடி இலை வெட்டும் கத்தரிச் சத்தத்தைப் போட்டோம். தகர அளவை இலைமேல் வைத்துக் கத்தரி சுற்றிவரும், சரக் சரக்கென்று. அது முடியக்கூட இல்லை, மூன்று போன் லைனின் விளக்கும் எரிந்தன. முதலில் வந்தவர் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இலை வெட்றது. ஆனா இலை காஞ்சி கீதுக்கா. இன்னும் கொஞ்சம் நனைச்சிருக்கணும்."

பதிவு செய்யப் போன தம்பியைப் பார்த்தேன். அவன் தலையாட்டினான். அந்த வீட்டில் அவனுக்காக முந்தின நாள் மிச்சமிருந்த இலையை எடுத்துத்தான் வெட்டிக்காட்டினார்களாம். இலையின் ஈரத்தைச் சத்தத்தில் கேட்கிற காது. இந்தக் காதுகளுக்கு முன்னால்தான் நாம் பேசுகிறோம் என்று அன்று எனக்குப் பட்டது. மைக்கில் அவரையே கேட்டேன், எவ்வளவு நேரம் நனைக்கவேண்டும், எப்படிச் சாக்கில் சுற்றிவைக்கவேண்டும் என்று. நாலு நிமிஷம் பேசினார். அன்றைய நிகழ்ச்சியில் அதைவிடச் சிறந்த நாலு நிமிஷம் கிடையாது. விளையாட்டு விதியில் நேயர் பேச 40 விநாடிதான் என்று எழுதியிருக்கும். இந்த மாதிரிச் சமயத்தில் அந்த விதியைத் தூக்கிப்போடத் தெரியவேண்டும்.

இன்னொன்று "மூணு பாஷை". நம் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, உருது மூன்றும் ஒரே தெருவில் புழங்கும். ஒரு பொருளைச் சொல்லுங்கள், மூன்று பாஷையிலும் பெயர் வரவேண்டும். கத்தரிக்காய் என்றால் வங்காய, பைங்கன். ஒருவருக்குத் தெரியாவிட்டால் பக்கத்து வீட்டில் கேட்டுச் சொல்லலாம் என்பது விதி. போனைப் பிடித்தபடியே "பாபி, இதுக்கு உங்க வூட்ல இன்னா சொல்வீங்க?" என்று கத்துவது ஒலிபரப்பில் போகும். அதற்காகத்தான் அந்த விதி.

பரிசு சின்னதாக இருக்கட்டும். ஆற்காடு மக்கன் பேடா நாலு, ஒரு எவர்சில்வர் கிண்ணம், தையல்கடையில் ஒரு ஜாக்கெட் தைத்துக்கொள்ளும் சீட்டு. பெரிய பரிசு வைத்தால் பத்து பேர் மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், மற்றவர்களுக்கு லைன் கிடைக்காது. ஒருவர் வென்றால் அடுத்த பதினைந்து நாளைக்கு அவருக்குப் பரிசு இல்லை. பேசலாம், ஆடலாம். பணம் கட்டி ஆடும் போட்டி எதையும் வைக்காதீர்கள்.

சீரியல் கொண்டாட்டம்

புதிதாக வருகிறவர்கள் இதற்குக் கொஞ்சம் கூச்சப்படுவார்கள். சீரியலைப் போய்க் கொண்டாடுவதா என்று நினைப்பு. கூச்சம் வேண்டாம். சீரியலுக்குத் தாய்வீடே ரேடியோதான். 1930-களில் அமெரிக்க வானொலியில் பகலில் வீட்டுப் பெண்களுக்காகத் தினமும் தொடர் நாடகம் போட்டார்கள். அதற்கு விளம்பரம் கொடுத்தவை சோப்புக் கம்பெனிகள். அதனால்தான் ஆங்கிலத்தில் அந்த வகைக்குச் சோப்பு என்ற பெயரே ஒட்டிக்கொண்டது. 1937-ல் அங்கே வானொலியில் தொடங்கிய கைடிங் லைட் என்ற தொடர் 1952-ல் தொலைக்காட்சிக்குப் போய் 2009 வரை ஓடியது. வீட்டு வேலையில் கை, கதையில் காது என்ற ஏற்பாடு நம் முறத்துக்கும் பொருந்துகிறது பாருங்கள்.

நம் வட ஆற்காட்டுக்கோ தொடர்கதை அதற்கும் வெகு காலம் முந்தியது. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலெல்லாம் பாரதப் பிரசங்கம், ராத்திரியெல்லாம் கூத்து என்று நாள்கணக்கில் ஒரே கதை நடக்கும். பிரசங்கியார் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு, மிச்சம் நாளைக்கு என்பார். திரௌபதி கல்யாணத்தன்று ஊர்ப் பெண்கள் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு வருகிற ஊர்கள் உண்டு. அர்ச்சுனன் தபசு மரத்தின் மேலிருந்து போடுகிற எலுமிச்சம்பழத்துக்கு மடி ஏந்தி நிற்பார்கள். கதைக்குள் நடக்கும் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுபோவது நம் ஊருக்குப் பழகிய காரியம். அதே மனசோடுதான் சீரியல் நாயகியின் கல்யாணத்தையும் பார்க்கிறார்கள். இதைப் புரிந்துகொண்டவர்தான் இந்தப் பகுதியை நடத்தவேண்டும். கிண்டல் செய்ய நினைக்கிறவருக்கு வேறு வேலை கொடுங்கள்.

எந்த சீரியல் என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். ஒரு வாரம் போன் எடுக்கும்போது, "நேத்து என்ன பார்த்தீங்க?" என்று கேட்டு நோட்டில் கோடு போட்டுவாருங்கள். எதற்குக் கோடு அதிகமோ அதுதான்.

நாளைப் பாருங்கள். கல்யாண எபிசோடு, வளைகாப்பு, நூறாவது, ஐந்நூறாவது, ஆயிரமாவது, கடைசி நாள். வாரம் ஆறு நாள் வரும் தொடர் ஆயிரத்தைத் தொட மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். அத்தனை நாள் ஒரு குடும்பத்தைத் தினமும் பார்த்தவர்கள் அதைக் கொண்டாடத்தான் விரும்புவார்கள். கோலங்கள் சீரியல் 2003-லிருந்து 2009 வரை 1533 எபிசோடு போனது. நாதஸ்வரம் சீரியல் தன் ஆயிரமாவது எபிசோடை 2014-ல் நேரலையாகவே நடத்திக் காட்டியது. ஆயிரமாவது நாளுக்கு நம் நிகழ்ச்சியில் ஒரு தனிப் பகுதி வைத்தால், முதல் எபிசோடு வந்தபோது உங்கள் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேளுங்கள். பிறந்த பேரன், கட்டிக்கொடுத்த மகள், போய்ச்சேர்ந்த மாமியார் எல்லாரும் அந்தப் பதிலில் வருவார்கள்.

கொண்டாட்டம் தொடங்கும்போது அதுவரை நடந்த கதையை ஒன்றரை நிமிஷத்தில் சொல்லிவிடுங்கள். ராத்திரி ஷிப்ட் போனவர், கரண்ட் போய்ப் பார்க்காமல் விட்டவர் எல்லாரும் உள்ளே வரவேண்டும். இனிமேல் நடக்கப்போவது இது என்று யாரோ சொன்னதை நீங்கள் சொல்லாதீர்கள்.

கல்யாண எபிசோடுக்கு எங்களிடம் இருக்கும் ஏற்பாடு இதுதான். பாலாற்றுக்கு வடக்கே காட்பாடிப் பக்கம் பெண் வீடு. தெற்கே வேலூர்ப் பக்கம் மாப்பிள்ளை வீடு. கூப்பிடுகிறவர் எந்தக் கரையோ அந்தக் கட்சி. ஒவ்வொருவரும் ஒரு சீர்ப்பொருள் கொண்டுவரவேண்டும், அதற்கு முன்னால் வந்த சீர் முழுவதையும் வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் தன்னுடையதைச் சேர்க்கவேண்டும். தவறினால் தட்டு எதிர்க்கரைக்குப் போகும். போன தடவை நடந்தது நினைவிலிருந்து:

"மஞ்சா, குங்குமம், குத்துவிளக்கு, குடியாத்தம் லுங்கி ரெண்டு... நான் முறம் ஒரு ஜோடி எடுத்தாறேன்."

"முறமா?"

"பின்ன? அரிசி பொடைக்கலாம், பீடி சுத்தலாம். முறம் இல்லாத வூடு கீதா?"

அடுத்து எதிர்க்கரையிலிருந்து ஒரு பெரியவர். எல்லாவற்றையும் பிசகாமல் சொல்லிவிட்டு, இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் ஒரு கூடை சேர்த்தார். கல்யாணப் பிரியாணிக்குக் கத்தரிக்காய்த் தொக்கு வேண்டாமா என்றார். அந்தக் கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததை நான் சொல்லவந்தேன். அதற்குள் அவரே சொல்லிவிட்டார். பதினோரு பொருள் வரை தட்டு விழாமல் போனது. பேப்பர், பேனா கிடையாது, எல்லாம் கை வேலைக்கு நடுவே.

வளைகாப்பு எபிசோடு என்றால் கலவைசாதம். ஏழு வகை சாதம் சொல்லவேண்டும், ஒவ்வொன்றுக்கும் தாளிப்பில் என்ன போடுவது என்பதும் வேண்டும். இதில் வெற்றி தோல்வியே வைக்காதீர்கள், சமையல் சண்டை தானாக நடக்கும்.

இதற்கெல்லாம் மேல் நான் உங்களிடம் கேட்டுக்கொள்வது பாட்டு. கல்யாணமோ வளைகாப்போ, "உங்க வீட்டுல நலங்கு வைக்கும்போது என்ன பாடுவாங்க?" என்று கேளுங்கள். எண்பது வயசுப் பாட்டி ஒருவர் பேத்தியின் போனில் வந்து, முதலில் மறந்துபோச்சு என்றார். நாங்கள் பேசாமல் காத்திருந்தோம். வானொலியில் நாலு விநாடி மௌனம் பெரிய மௌனம். புதியவர்கள் பயந்துபோய் ஜிங்கிளை, அதாவது நிலையத்தின் சின்ன அடையாள இசையை, தட்டிவிடுவார்கள். தட்டாதீர்கள். ஐந்தாவது விநாடியில் பாட்டி பாட ஆரம்பித்தார், மாப்பிள்ளையின் அண்ணியைக் கேலி செய்கிற ஒரு நலங்குப் பாட்டு. நாங்கள் யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. முடிந்ததும் பேத்தி, "ஆயா, இது உனக்குத் தெரியும்னு எனக்கே தெரியாதே" என்றாள். அதுவும் ஒலிபரப்பில் போனது. அந்தப் பாட்டை வெளியே கொண்டுவந்தது ஒரு சீரியல் வளைகாப்பு. பாடுகிறவரிடம் சம்மதம் கேட்டு, பதிவைத் தனியாக எடுத்துவைத்து, பெயர், ஊர், யாரிடம் கற்றது என்று மூன்றையும் நோட்டில் எழுதுங்கள்.

வில்லியாக நடிப்பவரைத் திட்டுவார்கள். பாத்திரத்தின் பெயரைச் சொல்லித் திட்டட்டும். நடிகையின் பெயர் வந்தால் மென்மையாகப் பாத்திரத்துக்குத் திருப்பிவிடுங்கள். சீரியலின் டைட்டில் பாட்டையோ வசனத்தையோ எடுத்துப் போடாதீர்கள், உரிமை அவர்களுடையது. நேயரே முணுமுணுத்தால் போதும்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். மாமியார் கொடுமைக் காட்சியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரல் உடையும். "எங்க வூட்லயும் இப்படித்தாங்க" என்று வரும். அந்த நொடியில் ஃபேடரை மெதுவாக இறக்கி, பாட்டுக்குப் போய்விடுங்கள். லைனை வைக்காதீர்கள். போன் எடுக்கும் நாற்காலியில் இருப்பவர் ஒலிபரப்புக்கு வெளியே அவரோடு பேசட்டும், பெண்களுக்கான 181 எண்ணைச் சொல்லட்டும், மறுநாள் நாமாகவே ஒருமுறை கூப்பிட்டுக் கேட்கலாமா, எந்த நேரத்தில் கூப்பிட்டால் தொந்தரவு இருக்காது என்று கேட்டுக்கொள்ளட்டும். அவருடைய அழுகை நம் நிகழ்ச்சிக்குச் சரக்கு கிடையாது.

விதிகள் சில

சொந்தமாகச் செய்தி வாசிக்க நமக்கு அனுமதி இல்லை. ஆகாசவாணிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். மின்தடை, குடிநீர், வானிலை, போக்குவரத்து, தேர்வு, திருவிழா அறிவிப்பு எல்லாம் சொல்லலாம், காலையில் இவைதான் அதிகம் தேவைப்படும். அரசியல் பேச்சு கிடையாது, நேயர் தொடங்கினாலும் நிறுத்திவிடுங்கள். விளம்பரம் 2024 விதிப்படி மணிக்கு 12 நிமிஷத்தைத் தாண்டக்கூடாது. ஒலிபரப்பான எல்லாவற்றையும் மூன்று மாதம் பதிவாக வைத்திருக்கவேண்டும். எந்தப் பாட்டுக்கு உரிமை வாங்கியிருக்கிறது என்ற பட்டியல் நிலைய மேலாளரிடம் இருக்கும், அதில் இல்லாததைத் தொடாதீர்கள்.

ஒன்பதரைக்கு அப்புறம்

மைக்கை அணைத்தவுடன் டீக்கு ஓடாதீர்கள். நோட்டை எடுங்கள். யார் பேசினார்கள், யார் வென்றார்கள், எந்தப் பரிசு போகவேண்டும் என்று எழுதுங்கள். அப்புறம் போனில் தவறிய அழைப்புகளைப் பாருங்கள். பதினைந்து இருபது இருக்கும். அதில் மூன்று பேரையாவது தினமும் திருப்பிக் கூப்பிடுங்கள். "நீங்க கூப்பிட்டீங்க, லைன் கிடைக்கலை. இன்னைக்குக் கேள்விக்கு உங்க பதில் என்ன?" என்று கேட்டால், முதலில் நம்பமாட்டார்கள். ரேடியோவிலிருந்தா என்று இரண்டு முறை கேட்பார்கள். பிறகு பதிலைச் சொல்வார்கள். சரியாக இருந்தால் மறுநாள் ஏழு மணிக்கு, வணக்கத்துக்கு அடுத்த வரியாக, அவர் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். மிக்ஸி ஓட ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடவேண்டும்.